ஐஸுக்கு வாங்கிய மெத்தை

நாற்பத்தொன்பதாவது வயதில் என் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள். அலுவலக மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாகக் காது மடல்வரை ஏறும். நெற்றி நனைந்து பொட்டு கரையும். ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோலப் போய்விடும். மாதவிலக்கு நிற்கிற வயசு, இரண்டு மூன்று வருஷத்தில் தானாக அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் இரண்டு மூன்று வருஷம் என்று சொல்லலாம்.

பகலைச் சமாளித்துவிடுவேன். நான் காலாப்பட்டில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். என் முகம் சிவந்ததைப் பார்த்தால் வார்டனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் தாமாகவே அடங்கிப் போவார்கள். அந்த வகையில் லாபம்தான். படுக்கைதான் தகராறு செய்தது. முதுகு மெத்தையில் பட்ட இடமெல்லாம் காந்தியது. இந்தப் பக்கம் புரண்டால் இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் புரண்டால் அங்கே ஏற்கெனவே என் வீட்டுக்காரர் இருந்தார்.

அவர் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். விடிவதற்கு முன்னே போய், ஆள் உயர ஐஸ் பார்களுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கிறவர். வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேண்டியது வெந்நீர்க் குளியல், கொதிக்கிற ரசம், ஒரு போர்வை. ஏசி என்று பேச்செடுத்தாலே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார். ஃபேன் மூன்றைத் தாண்டினால் முட்டி வலி வந்துவிடும். ஊரே தாகத்துக்கு ஐஸ் தேடுகிற வெயிலில், ஐஸ் கம்பெனிக்காரரையே கட்டிக்கொண்டும் எனக்குக் குளிர்ச்சிக்கு வழியில்லை.

ஒருநாள் அவர் தலையணையை எடுத்துக்கொண்டார். "நீ ஃபேன அஞ்சுலயே வெச்சுக்க. நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டிலின் நடுவில் கையையும் காலையும் விரித்துப் போட்டுக்கொண்டு மகாராணிபோல ஒரு வாரம் படுத்தேன்.

இரண்டாவது மாதம் வந்தபோது கட்டில் பெரிதாகத் தெரிந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். பகலில் நின்று பேச நேரமில்லாத குடும்பம் எங்களுடையது. விடுதியில் எந்தப் பெண் பொய் சொல்லி வெளியே போனாள், துறைமுகத்தில் எந்தப் படகு எத்தனை கூடை வஞ்சிரத்தோடு வந்தது, ஏலத்தில் யாருக்கு யாரோடு வாய்த்தகராறு என்பதெல்லாம் படுத்த பிறகு தூக்கம் வரும்வரை பேசுகிற பேச்சுதான். அவர் ஹாலுக்குப் போனதோடு அந்தப் பேச்சும் போயிற்று. பால் தீர்ந்துவிட்டது, கேஸ் புக் பண்ணு, கரண்ட் பில் வந்திருக்கிறது என்று மட்டும் பேசிக்கொள்கிற இரண்டு பேர் ஆகிவிட்டோம். எட்டு மாதம் அப்படி ஓடியது. எனக்கு அது வலித்தது. திரும்பி வாங்க என்று கூப்பிட்டால், வந்து குளிரில் நடுங்குங்கள் என்று கூப்பிட்டதாகும். கூப்பிடாமலே அவர் திரும்பி வர வேண்டும் என்றால் நான் ஃபேனைக் குறைக்க வேண்டும். ஃபேனைக் குறைக்க வேண்டும் என்றால் சூடு ஏறாத மெத்தை வேண்டும். இப்படித்தான் நான் மெத்தை வாங்கக் கிளம்பினேன்.

மெத்தை எனக்குப் புதிதல்ல. விடுதிக்கு நூற்றுக்கணக்கில் தேங்காய்நார் மெத்தை வாங்கியிருக்கிறேன். மூட்டைப்பூச்சி அண்டுமா, பிள்ளைகள் ஏறிக் குதித்தால் தாங்குமா என்று இரண்டே கேள்விதான் கேட்பேன். எனக்கென்று ஒன்று தேடத் தொடங்கியபோதுதான் அது ஒரு தனி உலகம் என்று தெரிந்தது. செல்போனில் தேடத் தேட ஜெல் என்றார்கள், மெமரி ஃபோம் என்றார்கள், லேடெக்ஸ் என்றார்கள். உடம்பு சூடாகிறவர்களுக்கு ஹைப்ரிட் மெத்தைதான் சரி என்று ஒருவர் சொன்னால், அது வெறும் விளம்பரம் என்று அடுத்தவர் திட்டினார். நாலு நாள் படித்ததில் எனக்குத் தலைதான் சூடானது.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் பொதுவாகச் சொல்லி வைத்தேன், மெத்தை பழசாகிவிட்டது, மாற்றலாமென்று பார்க்கிறேன் என்று. உடம்பு சூட்டுக்கு ஆகிற மாதிரி கூலிங் மெத்தை வந்திருக்கிறதாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். காரணத்தின் மீதிப் பாதியைச் சொல்லவில்லை. அவர் ரசத்தைக் குடித்துக்கொண்டே எந்தக் கடை என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தலை வாரி முடிப்பதற்குள் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றார். தண்ணீர் கடையில் கிடைக்காதா என்று கேட்டதற்கு வண்டியைக் கிளப்பினார்.

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தைத் தாண்டி, ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்தக் கடை. தலைமுறை தலைமுறையாகப் படுக்கை வியாபாரம் செய்கிற குடும்பம். இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எங்களைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பாய் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். எதையும் இரண்டாவது தடவை வற்புறுத்திச் சொல்லாத மனிதர். வியாபாரத்துக்கு அது ஆகாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பாய் எங்களுக்கு நாலு மெத்தைகளைக் காட்டினார். தேங்காய்நார் மெத்தையை எனக்கே தெரியும். அடுத்தது மெமரி ஃபோம், கையை அழுத்தி எடுத்தால் ஐந்து விரலும் பதிந்து மெதுவாக எழும்பும். மூன்றாவது ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ். நாலாவது ஹைப்ரிட். அதன் அடிப்பாதி முழுக்க ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும். அதற்குமேல் ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே தொட்டால் சில்லென்றிருக்கிற ஒரு துணி. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே காற்று போய்வரும், சூடு தேங்காது, ஒருவர் புரண்டால் அடுத்தவருக்கு ஆடாது என்றார் பாய். நீங்கள் சொல்கிற உடம்புக்கு இதுதான் அக்கா என்றார். இரண்டு பேரும் பத்து நிமிஷம் படுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்.

படுப்பதாவது. கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே தெருவில் எங்கள் முதலியார்பேட்டையில் பாதி நடந்து போகிறது. பட்டப்பகலில் புடவை கட்டிக்கொண்டு, புருஷன் பக்கத்தில், கடை நடுவில் மல்லாந்து படுக்க நான் என்ன கிறுக்கியா. மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, தர்பூசணி பார்ப்பதுபோல நாலு தட்டுத் தட்டினேன். கடையில் ஏசி வேறு ஓடியது. நாலுமே எனக்குச் சில்லென்றுதான் இருந்தன.

அப்போது என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். உள்ளே ஐஸ். ஒரே அளவாக உடைத்த நாலு துண்டுகளை நாலு சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மெத்தைக்கு ஒன்றாக நாலையும் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துறைமுகத்தில் புதிதாக மீன் பெட்டி வாங்கினால் இப்படித்தான் சோதிப்பார்களாம். எந்தப் பெட்டியில் ஐஸ் அதிக நேரம் நிற்கிறதோ அதுதான் நல்ல பெட்டி. பாய் ஒரு நிமிடம் அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று டீ சொல்லியனுப்பினார். மெத்தைமேல் ஐஸ் வைத்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான் அண்ணே என்றார்.

டீ குடித்தோம், சந்தையை வேடிக்கை பார்த்தோம். ஹைப்ரிட்மேல் வைத்த ஐஸ்தான் முதலில் தண்ணீராயிற்று. அடுத்து லேடெக்ஸ், அதற்கடுத்து தேங்காய்நார். மெமரி ஃபோமில் மட்டும் கடைசிவரை புளியங்கொட்டை அளவுக்கு ஐஸ் நின்றது. என் வீட்டுக்காரர் அந்தப் பையைத் தூக்கிக் காட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் எங்கள் மகள் பரீட்சையில் பாஸானபோதுதான் பார்த்திருக்கிறேன்.

"இதான். அந்த ஹைப்ரிட்டு ஐஸையே உருக்கிடுச்சு. உன்ன சும்மா வுட்டுருமா?" என்றார்.

மெமரி ஃபோம் சில பேருக்குச் சூடாகும் என்று பாய் மெல்ல ஆரம்பித்தார். நான் விடவில்லை. கண்ணெதிரே ஐஸ் நிற்கிறது, இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று விடுதிக் குரலில் ஒரு போடு போட்டேன். பாய் பேனாவை எடுத்துக்கொண்டார். மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறையை மட்டும் மறக்காமல் கழற்றிவிடுங்கள் என்று சொல்லி பில் போட்டார்.

மெத்தை வந்த அன்றைக்கு வீட்டுக்காரர் தலையணையோடு அறைக்குள் வந்தார். புதுசு, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஏதோ சாக்கு சொன்னார். அன்றைக்கு எட்டு மாதத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினோம். படகுக்காரர் ஒருவர் ஐஸ் கம்பெனிக்குள் மறதியாகச் செருப்பை விட்டுப்போய், மறுநாள் அது கல்லாகக் கிடைத்த கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். கதை முடிவதற்குள் எனக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. அந்த மெத்தை என்னை உள்ளே வாங்கி அணைத்துக்கொண்டு, என் சூட்டை வட்டியோடு எனக்கே திருப்பிக் கொடுத்தது. முதுகில் ஊறிய வியர்வைக்குப் போக இடமில்லை. பழைய மெத்தையில் ஃபேன் ஐந்தில் இருந்தால் போதும். இதற்கு ஜன்னலையும் திறந்து, ஈரத் துண்டையும் கழுத்தில் போட வேண்டியிருந்தது. அவர் போர்வைக்குள் சுருண்டு தும்மத் தொடங்கினார். நாலாவது நாள் தலையணை மறுபடியும் ஹாலுக்குப் போயிற்று.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு மெத்தைக்காக வார்டன் அழுதாள் என்றால் விடுதியில் சிரிப்பார்கள். வந்தவர் திரும்பிப் போனது, வராமலே இருந்ததைவிட மோசமாக இருந்தது. இனி இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், அவர் துறைமுகத்திலிருந்து வந்தவர் குளிக்கக்கூடப் போகாமல் நேரே சமையலறைக்கு வந்தார். கையில் மீன் பெட்டியின் உடைந்த தெர்மோகோல் மூடி. இன்னொரு கையில் ஐஸ். எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு துண்டு வைத்தார். தெர்மோகோல்மேல் ஒரு துண்டு. இதைப் பாரு என்று என்னை அடுப்படியிலிருந்து இழுத்து நிறுத்தினார். குழம்பு அடிப்பிடிக்கிறது என்றேன். பிடிக்கட்டும் என்றார். அதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

தட்டின்மேல் இருந்த ஐஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கிக்கொண்டு கரைந்தது. தெர்மோகோல்மேல் இருந்தது வைத்தபடியே இருந்தது. இப்போது இரண்டின்மேலும் கையை வை என்றார். தட்டின் ஈரமில்லாத ஓரம் சில்லென்றிருந்தது. தெர்மோகோலில் என் கைச்சூடு எனக்கே திரும்பி வந்தது.

"காலைலதான் புரிஞ்சிது. தெர்மோகோல் எதையும் உள்ளயும் வுடாது, வெளியிலயும் வுடாது. அதான் ஐஸு நிக்குது. அதுமேல உன்ன படுக்க வெச்சா உன் சூடு எங்க போவும்?" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார். "இருபது வருஷமா ஐஸோட கெடக்கறேன். நான் ஐஸுக்கு மெத்த வாங்கிட்டேன். உனக்கு வாங்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை, அதனால் அடக்கிக்கொண்டேன். பாய் சொல்ல வந்தபோது வாயை அடைத்தவள் நான்தானே என்று நினைவுபடுத்தினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். குழம்பு நிஜமாகவே அடிப்பிடித்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. இந்த ஊரில் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே கடைக்காரர்களைப் பார்க்கப் போகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். வெயில் தாழும்வரை கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பது இங்கே சூரியன் உதிப்பதுபோல ஒரு நியமம். பாய் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். என் வீட்டுக்காரர் வண்டி இன்ஜினை அணைக்காமலே, தப்பு என்னுடையது பாய் என்று ஆரம்பித்துவிட்டார். தட்டு, தெர்மோகோல் எல்லாவற்றையும் நடுத்தெருவில் நின்று விளக்கினார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த மெத்தை வீணாகாது, நாள் முழுக்க ஏசி ஓடுகிற கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், கறை படாமல் இருந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். பிறகு, இரண்டாவது தடவை வற்புறுத்தாத அந்த மனிதர், என்னைப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்த வாட்டி ஐஸு வேணாம்க்கா. நீங்களே படுங்க. நான் ஏசிய நிறுத்திட்டு, ஷட்டர எறக்கிட்டுப் போறேன். தொழுதுட்டு, சாப்ட்டுட்டு நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள எதுன்னு முடிவு பண்ணுங்க."

மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் குனிந்து உள்ளே போயிருந்தார். பாய் ஏசியை நிறுத்தி, ஒற்றை ஃபேனை மூன்றில் வைத்து, ஷட்டரைத் தரைக்கு ஒரு சாண் விட்டு இறக்கினார். புது மெத்தைகளின் துணி வாசனையும், அடியிலிருந்து வந்த ஒரு கீற்று வெயிலும், நாங்களும் மட்டும் மிஞ்சினோம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஹைப்ரிட் மெத்தையில் ஏறிப் படுத்தேன். அவர் அந்தப் பக்கம் படுத்தார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கல்யாணப் பெண்போல வெட்கமாக இருந்தது. கூரையில் ஒட்டடை அடித்து எத்தனை நாளாயிற்றோ என்று எதையோ பேசினேன்.

கால் மணி நேரத்தில் கடை புழுங்க ஆரம்பித்தது. எதிர்பார்த்தபடியே என் சூடும் வந்தது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். அவர் எழுந்து போய்விடுவாரோ என்றுதான் பயம்.

வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அவர் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டேன், அவர் கிடந்த இடம் ஆடவில்லை. நெற்றி வியர்த்தது. முதுகு மட்டும் எரியவில்லை. துணிக்கு அடியில் ஏதோ என் சூட்டை வாங்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது. போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். நாலு நிமிஷம் என்றார். சூடு வராமல் இல்லை, அதைத் தடுப்பது எந்த மெத்தையாலும் ஆகாது. ஆனால் வந்த சூடு தங்கவில்லை. இத்தனைக்கும் ஃபேன் மூன்றில்தான் இருந்தது.

இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வந்தேன். அதற்குள் அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"இது சரியா வரலன்னாலும் நான் ரூமுக்கே வந்துடறேன். ஸ்வெட்டரு போட்டுக்கறேன். ஹால்ல எனக்குத் தூக்கமே வரல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எட்டு மாதம் நான் மட்டும்தான் விழித்துக் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"பொய் சொல்லாதீங்க. டெய்லி கொறட்ட கேட்டுச்சே" என்றேன்.

"அது சும்மா வுட்டது. நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ ஃபேன நிறுத்திட்டு என்னக் கூப்புடுவ."

இருபது வருஷமாகப் பிள்ளைகள் போர்வைக்குள் தூங்குவதுபோல நடிப்பதைக் கதவு இடுக்கில் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் நான். பக்கத்து அறையில் ஒரு மனிதர் எட்டு மாதமாக எனக்காகக் குறட்டை விட்டதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏதாவது கடுமையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் திரும்பினேன். கையை மட்டும் நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. ஷட்டர் தூக்குகிற சத்தத்தில் விழித்தபோது வாசலில் பாய் நின்றிருந்தார், பாதித் தூக்கிய ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று. நான் பதறி எழுந்து புடவையைச் சரிசெய்தேன். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்துபோட்டு, நடுநடுவே மூச்சு நின்று, கரகரவென்று கேட்கச் சகிக்காமல் அவருடைய பழைய நிஜக் குறட்டை. ஹாலிலிருந்து எட்டு மாதமும் எனக்குக் கேட்ட குறட்டை ஒழுங்காக, ஒரே தாளத்தில் வரும். எந்த மெத்தை என்று பாய் கண்ணால் கேட்டார். அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று, நாங்கள் படுத்திருந்த மெத்தையை விரலால் மட்டும் தொட்டுக் காட்டினேன்.